போஸ்ட்-பேக்: இரண்டு வருடப் படிப்பும் ஒரு கடிதமும்

போன வாரம் நியூ ஜெர்சித் தோழி ஒருத்தி ஒரு போஸ்ட்-பேக் (பட்டம் வாங்கிய பிறகு, மருத்துவம், பல் மருத்துவம் சேரத் தேவையான அறிவியல் பாடங்களைப் படிக்கும் படிப்பு) விளம்பர மின்னஞ்சலை அனுப்பி, "அக்கா, நீங்க படிச்ச இடம்தானே? ஃபீஸ் குறைச்சிருக்காங்க. சேரலாமா?" என்று கேட்டிருந்தாள். குறைத்த தொகையைப் பார்த்தேன். முழுக் கட்டணம் கட்டியவள் நான். இனி எழுதப்போவதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

பதினொரு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். 36 வயதில் பல் மருத்துவத்துக்குத் தாவினேன். நான் குறிவைத்த கல்லூரிகள் உயிரியல், வேதியியல், இயற்பியல் எல்லாவற்றையும் லேப்போடு அமெரிக்காவில் படித்திருக்க வேண்டும் என்றன. என் பி.இ. முதல் வருடப் பாடங்கள் அங்கே செல்லவில்லை. பொது வேதியியல் ஒரு வருடம், அது முடிந்தால்தான் கரிம வேதியியல் ஒரு வருடம், அப்புறம் உயிர்வேதியியல். எவ்வளவு அவசரப்பட்டாலும் இந்த வரிசையை மாற்ற முடியாது. ஆனால் இப்படி முன்தேவைப் பாடம் படிப்பவர்களுக்கு அரசுக் கடன் தொடர்ச்சியாக 12 மாதங்களுக்குத்தான். நான் சேர்ந்தபோது அதிகபட்சம் 12,500 டாலர். இரண்டாம் வருடத்துக்கு எங்கே போவது என்று சேரும்போது யாரும் பேசவில்லை.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் மாலை கரிம வேதியியல் லேப். ஆபீஸில் இருந்து ஓடி வந்து பசியோடு நிற்போம். ஒருநாள் குடுவையைப் பனிக்கட்டியில் வைத்து அரை மணி நேரமாகியும் படிகம் விழவில்லை. லேப் எடுத்த அம்மா ஒரு கண்ணாடிக் குச்சியை என் கையில் கொடுத்து, உட்சுவரைச் சுரண்டச் சொன்னார். நாலு சுரண்டல். அந்தக் கீறலில் இருந்து வெள்ளை ஊசிகளாகக் கிளம்பி, குடுவையே கற்கண்டுச் சட்டி மாதிரி ஆகிவிட்டது. டெஸ்டிங் வேலையில் ஒருநாள்கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

இனி என் கோபம். விளம்பரத்தில் மருத்துவம், பல் மருத்துவம் இரண்டுக்கும் என்று போட்டிருப்பார்கள். எங்கள் முப்பது பேரில் பல்லுக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஆலோசகர் ஒவ்வொரு சந்திப்பிலும் "எம்கேட் எப்போது?" என்பார். அது மருத்துவ நுழைவுத் தேர்வு. நாங்கள் எழுதுவது பல் மருத்துவ நுழைவுத் தேர்வான டிஏடி. அதில் காகிதத்தை மடித்து ஓட்டை போட்டால் பிரித்ததும் எங்கெங்கே ஓட்டை இருக்கும், எந்தக் கோணம் சிறியது என்பது போல 90 கேள்விகள் தனியாக உண்டு என்பதை நான்தான் அவருக்கு விளக்கினேன்.

அதையாவது சிரித்துக்கொண்டு விடலாம். கமிட்டிக் கடிதத்தை, அதாவது படித்த இடத்தின் ஆலோசனைக் குழு நமக்காக எழுதும் பரிந்துரைக் கடிதத்தை, விட முடியாது. ஏஏடிசாஸ் (பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை) விண்ணப்பத்தை ஜூன் தொடக்கத்திலேயே அனுப்பலாம். பல கல்லூரிகள் விண்ணப்பங்களை வர வரப் படித்து நேர்காணலுக்குக் கூப்பிடும். நான் முதல் வாரமே அனுப்பினேன். கடிதம் போனது ஆகஸ்ட் 29. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து கடைசியாக இலை வாங்கிய கதை. இரண்டு அறிவியல் ஆசிரியர்கள், நாம் கூடவே நின்று வேலையைக் கவனித்த ஒரு பல் டாக்டர் என்று தனித்தனிக் கடிதங்களே போதும் என்று சொல்லும் கல்லூரிகள் நிறைய. ஆனால் கமிட்டி உள்ள இடத்தில் படித்துவிட்டு அதன் கடிதம் இல்லாமல் போனால் "ஏன்?" என்று கேட்கிற கல்லூரிகளும் உண்டு. டிசம்பர் நடுவில் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தபோது நான் காத்திருப்போர் பட்டியலில். ஏப்ரலில்தான் கூப்பிட்டார்கள்.

தோழி இங்கேயே இளநிலை படித்தவள், உயிரியலில் ஒரு சி கிரேடு. திரும்பப் படித்தால் அது அழிந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். அழியாது. ஏஏடிசாஸ் இரண்டையும் சேர்த்துத்தான் சராசரி போடும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி, "கம்யூனிட்டி காலேஜ் போ, கால்வாசிச் செலவு. ஆனா நீ விண்ணப்பிக்கப்போற இடம் அந்த க்ரெடிட்டை எடுத்துக்குமான்னு முதல்ல கேட்டுக்கோ" என்று அனுப்பினேன். ஞாயிறு காலை சும்மா இருக்காமல் நான் படித்த இடத்தின் கால அட்டவணையைத் திறந்தேன். செவ்வாய் மாலை லேப், அதே அம்மா.

"சேர்ந்துடு. கடிதத்துக்கு மட்டும் பிப்ரவரியிலேயே நச்சரிக்க ஆரம்பி" என்று மாற்றி அனுப்பிவிட்டேன்.