பல் குழியில் போட்ட ஜல்லி: புதுச்சேரியில் எலும்பு வைத்துக்கொண்ட கதை

எனக்குக் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். முப்பது வருஷம் ரோடு கான்ட்ராக்டர்களிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தவன். ஜல்லி, கிராவல், ரோலர் தவிர வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாது. அதனால் பல் கிளினிக் பற்றி எழுதினாலும் ரோட்டுப் புழுதி கொஞ்சம் பறக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல் வேர்வரை விரிசல் விட்டுப்போனது. பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் ஸ்க்ரூ முறுக்கி அதன்மேல் செயற்கைப் பல், வைக்கலாம் என்று புதுச்சேரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். கிளினிக் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். "சீழ் அரிச்சதுல எலும்பு பள்ளமாயிடுச்சு சார். இதுல ஸ்க்ரூ நிக்காது. முதல்ல நிரப்பணும்." குழியை நிரப்பாமல் மேலே தார் ஊற்றியவர்களோடு சண்டை போட்டே தலை நரைத்தவன் நான். உடனே சரி என்றுவிட்டேன்.

நிரப்புவதற்கு மாட்டெலும்பிலிருந்து செய்வது உண்டு, மனிதர்கள் தானம் தந்த எலும்பிலிருந்து செய்வதும் உண்டு. மாடு வேண்டாம் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் காட்டியது திசு வங்கியிலிருந்து வந்த அரை சி.சி. குப்பி. தானம் தந்தவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இல்லை என்று சோதித்து, எலும்பை உறையவைத்து உலர்த்தி, காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கியது. கதிரின் அளவு கூடினால் எலும்பில் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் கெட்டு வலுவும் குறையும் என்பதையும் அவரே சொன்னார். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரவை மாதிரி, வெள்ளையும் இல்லாத பழுப்பும் இல்லாத துகள்கள். கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. ஒரே சைஸ் இல்லை என்றதும் எனக்குத் திருப்தி. பெரியதும் சின்னதும் கலந்தால்தான் இடைவெளி அடைபட்டு ஒன்றை ஒன்று பிடிக்கும்.

அடுத்தது ரத்தம். நம் கையிலிருந்தே எடுத்து, உறையாமல் இருக்க மருந்து எதுவும் சேர்க்காத குழாயில் போட்டு, நிமிஷத்துக்கு 2700 சுற்று வேகத்தில் 12 நிமிஷம் சுழற்றுவார்கள். அடியில் சிவப்பணு, மேலே மஞ்சள் நீர், நடுவில் ஜவ்வு மாதிரி ஒரு கட்டி. அதற்குப் பெயர் பி.ஆர்.எஃப். (பிளேட்லெட் ரிச் ஃபைப்ரின்). பிரான்சில் 2001-இல் வந்த முறை. மருந்து இல்லாததால், ரத்தம் எடுத்த உடனே மெஷினில் போட்டாக வேண்டும்.

இங்கேதான் சொதப்பல். உதவிக்கு இருந்த பெண் ரத்தம் எடுத்துவிட்டு, "ஒரு நிமிஷம் அங்கிள்" என்று போன் பேசப் போனது. திரும்பி வருவதற்குள் குழாயிலேயே ரத்தம் உறைந்துவிட்டது. சுழற்றிப் பார்த்தால் ஜவ்வும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்னொரு கையில் இன்னொரு குத்து. ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரியை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் என்ன ஆகும்? அதே கதை. பில்லில் இரண்டு தடவைக்கும் சேர்த்து 7,000 ரூபாய் போட்டிருந்தார்கள். கேட்ட பிறகுதான் பாதியை அடித்தார்கள்.

இரண்டாவது முறை ஜவ்வு சரியாக வந்தது. அதைக் கத்தரியால் பொடிப்பொடியாக வெட்டி, ரவையோடு சேர்த்து, மேலே கொஞ்சம் மஞ்சள் திரவம் விட்டார் டாக்டர். சில நிமிஷத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு புட்டுருண்டை மாதிரி ஆனது. இடுக்கியில் தூக்கினார், ஒரு துகள் உதிரவில்லை. அழகான வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வரவேற்பறையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. 'உங்கள் ரத்தம் கலந்த எலும்பு: இரட்டிப்பு வலிமை'. இது எனக்குப் பொறுக்கவில்லை. தேவனாம்பட்டினம் பீச்சில் பிள்ளைகள் ஈரமணலில் கோபுரம் கட்டுவார்கள். நிற்கும். அதன்மேல் காலை வைத்தால்? ஒட்டுவது வேறு, பாரம் தாங்குவது வேறு. துகளுக்கும் துகளுக்கும் உள்ள உராய்வுதான் தாங்குகிறது. ஈரம் அளவோடு இருந்தால் உதவும், அதிகமானால் வழுக்கும். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் கலந்த ஜல்லிக் கலவை, அதான் வெட்மிக்ஸ், போட்டவனுக்குத் தெரியாததா?

டாக்டரிடமே கேட்டேன். மழுப்பவில்லை. இடுப்பு மூட்டை இரண்டாம் முறை மாற்றும்போது, தானமாக வந்த தொடை எலும்புத் தலையைத் துண்டு துண்டாக்கி, குழியில் போட்டுச் சுத்தியால் அடித்து இறுக்குவார்களாம், திமிசு போடுகிற மாதிரி. அந்தத் துண்டுகளின் வலுவை, மண்ணைச் சோதிக்கிற அதே கணக்குகளை வைத்தே பிரிட்டனில் ஆராய்ந்திருக்கிறார்கள். 1999-இல் வந்த ஆய்வில் பல சைஸ் கலந்த துண்டுகள் நன்றாகத் தாங்கின. 2003-இல் வந்த இன்னொன்றில், கொழுப்பும் மஜ்ஜையும் போக அலசிய துண்டுகள் அலசாததைவிடச் சறுக்காமல் நின்றன. களிமண் ஒட்டிய ஜல்லி என்று நான் எத்தனை லோடு திருப்பி அனுப்பியிருப்பேன்!

"அப்போ என் ரத்தம் எதுக்கு மேடம்?"

"துகள் நகராம வச்ச இடத்துல நிக்கறதுக்கு. ஈறும் சீக்கிரம் ஆறும். பலம் அதுல இல்ல சார், உங்க எலும்பு உள்ள வளர்ந்தாத்தான் பலம். அதுக்கு மாசக்கணக்கு ஆகும்."

இதை நோட்டீஸில் போட்டால் என்ன? இன்னொன்றும் சொன்னார். பல் குழியில் ரொம்பக் கெட்டித்து அடைக்கக்கூடாது, ரத்தக்குழாய் நுழைய வழி வேண்டும். ரோலர்க்காரனுக்கு இது கொஞ்சம் கஷ்டமான பாடம்.

ஆவணியில் வைத்தது. பத்து நாளில் தையல் பிரித்தார்கள், ஈறு நன்றாகவே மூடியிருந்தது. அன்று எடுத்த எக்ஸ்ரேயில் துகள்கள் தனித்தனியாக வெள்ளையாகத் தெரிந்தன. தை மாசம் எடுத்ததில் ஓரங்கள் மங்கிப் பக்கத்து எலும்போடு கலந்திருந்தன. இம்ப்ளான்டை முறுக்கும்போது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் டார்க் ரென்ச்சில் 35 வந்ததை டாக்டர் காட்டினார். நியூட்டன் சென்டிமீட்டர் கணக்கு. டிப்பர் சக்கரத்துக்கு வைக்கிற ரென்ச்சின் பேரப்பிள்ளை மாதிரி குட்டியாக இருந்தது அது.

டாக்டருக்காகப் போகலாம். ரத்தம் எடுக்கும்போது மட்டும் அந்தப் பெண்ணின் போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் குப்பிக்கு எவ்வளவு, ரத்தம் சுழற்ற எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கேப் மாட்டச் சித்திரையில் வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை முறுக்கு இடப்பக்கம்தான்.