ஹேமக் வாங்கறதா இருந்தா எது? கட்டை வச்சதா, யுகடான் வலையா, பிரேசில் துணியா?

ஹேமக்னா ரெண்டு முனையையும் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கற தூளி. கடைக்குப் போனா முக்காவாசிப் பேரு ரெண்டு முனையிலயும் கட்டை வச்சு விரிஞ்சு நிக்கறதத்தான் எடுக்கறாங்க, பார்க்க கட்டில் மாதிரி இருக்குல்ல. என்னைக் கேட்டா அதைக் கடைசியா பாருங்க. கட்டை இழுத்துப் புடிக்கறதால வலை விறைப்பா மேலயே நிக்கும், அதுக்கு மேல நம்ம எடை வேற, ஓரத்துல கொஞ்சம் சாஞ்சாலே கவுத்துரும். அமெரிக்காவுல சவுத் கரோலினாவுல அரிசி ஏத்திட்டுப் போற படகோட கேப்டன் ஜோஷுவா ஜான் வார்ட், மெத்தையில புழுக்கம் தாங்காம 1889 வாக்குல பருத்திக் கயித்துல பின்னினது இந்த ரகம். மதியம் காத்து வாங்க ஓகே, ராத்திரி முழுக்கத் தூங்கறதுக்கு வேணாம்.

தூங்கறதுக்குன்னா மெக்சிகோவோட யுகடான் பக்கத்து நூல் வலைதான். மரச்சட்டத்துல மெல்லிசு நூலை முடிச்சே போடாம பின்னுவாங்க, அதனால முதுகுல எதுவும் உறுத்தாது, அங்க வீட்டுச் சுவத்துலயே இதை மாட்ட கொக்கி இருக்கும். நல்லா தொய்வா கட்டி நேரா படுக்காம குறுக்கால படுங்க, உடம்பு தட்டையா நிமிந்துக்கும், வாழைப்பழம் மாதிரி வளையாது. சட்டை பட்டன் நூல்ல மாட்டும், அது ஒண்ணுதான் தொல்லை.

பிரேசில்ல கெட்டியா நெய்ஞ்ச துணி, குளிருக்கு இதமா இருக்கும். அமேசான் படகுல பயணிங்க அவங்கவங்க ஹேமக்கைக் கொண்டு வந்து கட்டித்தான் நாள் கணக்கா போறாங்க. இதுக்கு அங்க பேரு ‘ரெடே’, போர்ச்சுகீஸ்ல வலைன்னு அர்த்தம். துணிக்கு எப்படி வலைன்னு பேரு வந்துச்சுன்னா, 1500ல அங்க போய் இறங்கின போர்ச்சுகீஸ்காரங்க பார்த்தது வலை மாதிரி தொங்கினதை, மீன் வலை ஞாபகத்துல அந்தப் பேரையே வச்சுட்டாங்க, வலை துணியா மாறியும் பேரு மாறல.

ஹேமக்ங்கற சொல்லு கரீபியன் தீவுகள்ல இருந்த தாயினோ மக்களோட ‘ஹமாகா’. 1492ல கொலம்பஸ் ஆளுங்க மூலமா ஸ்பானிஷ்க்குப் போயி அங்கேர்ந்து மத்த மொழிக்கெல்லாம் பரவுச்சு. டச்சுக்காரங்க வாயில அது ‘ஹாங்மாட்’னு ஆயிருச்சு, தொங்கற பாய்னு அர்த்தம் வர்ற மாதிரி அவங்களே வளைச்சுக்கிட்டாங்க, அதைப் பார்த்து மூலமே டச்சுன்னு இன்னும் சில பேரு சொல்றாங்க, அது தப்பு. கேனோ (சின்னப் படகு), ஹரிக்கேன் (சூறாவளி) எல்லாமும் அந்த தாயினோ சனங்க சொல்லுதான், அந்த சனத்தையே ஸ்பானிஷ்காரங்க கொஞ்ச காலத்துல கிட்டத்தட்ட அழிச்சுட்டாங்க, அவங்க சொல்லுக்கான பெருமையையாவது அவங்களுக்கே கொடுங்க.