மழைக்கால வழிவுநீர்: நுண்மணலா, நார்ப்பந்தா, நாணல் படுகையா?

மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரங்களில், பெருமழையின்போது குழாய் கொள்ளாத நீர் சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் விழுகிறது. அமெரிக்கா 1994-இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. வழிவு நிகழும் இடத்திலேயே நீரைத் தெளியவைக்கும் கருவி, வாரக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, மழை தொடங்கிய சில நிமிடங்களில் முழு வேகத்தில் இயங்க வேண்டும். ஆகவே திடப்பொருள் நீக்கத்தின் சராசரி விழுக்காட்டைவிட, முதல் அரைமணி நேரத்தில் அது எப்படி இயங்குகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அமெரிக்காவின் சியாட்டிலில் 2022-இல் இயங்கத் தொடங்கிய ஜார்ஜ்டவுன் மழைநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கையாளும் நுண்மணல் படிவு முறை, கண்டிப்பாகச் சொன்னால் வடிகட்டி அன்று. ஆனாலும் வடிகட்டிகளுக்கு முதன்மைப் போட்டி அதுதான். படிகாரம் அல்லது இரும்பு உப்பும் பாலிமரும் சேர்த்து, அழுக்கை மணலோடு ஒட்டவைத்து விரைவாகப் படியச் செய்கிறார்கள். பாஸ்பரஸும் குறைகிறது. ஆனால் இந்த வேதிமருந்துகளின் அளவு நிலைப்படுவதற்குள், பெரும்பாலும் மிக அழுக்காக வரும் முதல் வெள்ளம் கடந்துவிடக்கூடும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கொலம்பஸ் நகரில் சோதிக்கப்பட்டு, ஓஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் நாளொன்றுக்குச் சுமார் 38 கோடி லிட்டர் அளவில் நிறுவப்பட்ட நார்ப்பந்து வடிகட்டி இந்த இடத்தில் முந்துகிறது. உள்ளே வரும் நீரின் அழுத்தமே பக்கவாட்டுச் சவ்வைத் தள்ளிப் பந்துகளை இறுக்குவதால், மேலே பெரிய துளைகளும் அடியில் நுண்ணிய துளைகளுமாகப் படுகை அமைகிறது. பருத்த அழுக்கு மேலேயும் நுண்துகள் கீழேயும் தங்குவதால் அது எளிதில் அடைபடுவதில்லை. மருந்து தேவையில்லை. கலங்கல் குறைவதால், கிருமிகள் துகள்களுக்குப் பின்னால் மறையாமல் புற ஊதாக் கதிருக்கு அகப்படுகின்றன. கரைந்துள்ள அம்மோனியத்தை மட்டும் இதனால் பிடிக்க முடியாது.

அதைச் செய்வது ஜெர்மனியில் பரவலாக உள்ள, நாணல் நட்ட மணல் படுகை. மழையின்போது மணல் அம்மோனியத்தை ஈர்த்து வைக்க, பின்னர் படுகை உலரும்போது நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நார்ப்பந்து முறை ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 5 லிட்டருக்கும் மேல் கடத்துகையில், இதில் ஏறத்தாழ 0.03 லிட்டரே இறங்குவதால், நெரிசலான நகரத்துக்கு இது ஒத்துவராது. ஊருக்கு வெளியே நிலம் இருந்தால் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் அடுத்தடுத்த மழையில் படுகை உலராவிட்டால் மேற்பரப்பு அடைத்துக்கொள்ளும் என்பதால், தொடர்மழைக் காலம் ஒன்றையாவது உள்ளடக்காத சோதனையை நம்பி அந்த நிலத்தை ஒதுக்கக் கூடாது.