186 டாலருக்குக் காலாவதியான சார்ட்: மாணவ பைலட்டுகளே, ஏமாறாதீர்கள்

186 டாலர் போச்சு. அமெரிக்காவில் பைலட் லைசென்ஸுக்குப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், அது கிட்டத்தட்ட ஒரு மணி நேர விமான வாடகை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சார்ட் (பைலட்டுகள் பார்த்துப் பறக்கிற வரைபடம்) வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கணும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

சோலோ கிராஸ் கன்ட்ரி (இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாக வேறு ஊருக்குப் பறப்பது) நெருங்கியதும் அச்சடித்த செக்‌ஷனல் சார்ட் (ஒரு வட்டாரத்தைக் காட்டும் தாள்) வாங்க ஆசைப்பட்டேன். டேப்லெட்டில் பார்க்கலாம்தான். ஆனால் பென்சிலால் கோடு இழுத்து, பிளாட்டர் (தூரமும் திசையும் அளக்கிற ஸ்கேல்) வைத்து அளந்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். பைலட் சாமான்கள் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் வருடச் சந்தா என்று போட்டிருந்தது. பெயர் சொல்லவில்லை, கார்டு கம்பெனியில் புகார் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன் பண்ணினேன். எடுத்தவர் முதலில் கேட்டது: "உங்க ஏர்போர்ட் சார்ட்ல எங்க இருக்கு, நடுவிலயா ஓரத்திலயா?"

அங்கேதான் விழுந்தேன். எங்கள் ஏர்போர்ட் இரண்டு தாள் சேருகிற ஓரத்தில்தான் இருக்கிறது. இது வியாபாரி கேட்கிற கேள்வியா? பறக்கிற ஆள் கேட்கிற கேள்வி! அப்படியானால் இரண்டு செக்‌ஷனலும் வேண்டும், பக்கத்துப் பெரிய ஏர்போர்ட்டுக்கு டெர்மினல் ஏரியா சார்ட் (அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் தாள்) ஒன்றும் வேண்டும் என்றார். 56 நாளுக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றும் தேதிக்கு முன்னாடியே வீட்டுக்கு வரும் என்றார். 56 நாள் கணக்கும் சரிதான், 2021-லிருந்து அப்படித்தான். மனுஷன் சொன்னதில் ஒரு பிழை இல்லை. போனை வைப்பதற்குள் 186 டாலரைக் கட்டிவிட்டேன்.

பார்சல் வந்தது. மடிப்புக் கலையாத தாள், முகப்பில் கடையின் பார்கோடு ஸ்டிக்கர். அது எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கோடு போட்டேன், செக்பாயின்ட் குறித்தேன். மேகம் தாழ்ந்திருந்தால் 2,500 அடியில் போகலாம் என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன்.

சோலோவுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்ஸ்ட்ரக்டர் திட்டத்தைப் பார்க்கணும். அவர் என் கோட்டைப் பார்த்தார், தன் டேப்லெட்டைப் பார்த்தார், மறுபடி என் கோட்டைப் பார்த்தார். என் தாளில் ஒரு கட்டத்துக்குள் பெரிய 1, பக்கத்தில் சின்ன 9. அந்தக் கட்டத்தில் எந்த மேடும் எந்தக் கோபுரமும் 1,900 அடியைத் தாண்டாது என்று அர்த்தம். அவர் திரையில் அதே கட்டத்தில் 2, 4. என் பாதைக்கு வெகு பக்கத்தில் புதிதாக ஒரு டவர், உச்சி 2,249 அடி. என் தாளில் அந்த இடத்தில் வெறும் பச்சை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெதுவாக உரித்தார். அடியில் இருந்தது செல்லுபடித் தேதி, 0901 ஜூலு (உலகப் பொது நேரம்) முதல் 0901 ஜூலு வரை என்று போட்டிருப்பார்களே, அது. இரண்டு பதிப்பு பழசு! 2,500 அடியில் போயிருந்தால் அந்த டவருக்கும் எனக்கும் நடுவில் 251 அடி. எனக்கு வயிறு கலங்கியது இன்னும் அடங்கவில்லை.

கடைக்குக் கூப்பிட்டேன். முதல் ஆள், பதிப்பு மாறுகிற சமயத்தில் அனுப்பினோம், அதனால் இருக்கும் என்றான். இரண்டு பதிப்பு பழசென்றால் குறைந்தது 56 நாள் முன்பே செத்த தாள் ஐயா! அடுத்தவர், தாளைப் பிரித்து எழுதிவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது என்றார். சார்ட்டைப் பிரிக்காமல் நெற்றியில் வைத்துக்கொண்டா பறப்பது? மூன்றாவதாக மேனேஜர். "மலையும் ஏரியும் இடம் மாறவா போகுது, பிராக்டீஸுக்கு வச்சுக்குங்க" என்றார். மலை மாறாது, டவர் முளைக்கும், ஃப்ரீக்வென்ஸி மாறும் என்றேன். மெயில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். புகார் தீர்க்கப்பட்டது என்று தானியங்கிப் பதில். 186 டாலரில் ஒரு சென்ட் திரும்பவில்லை. அடுத்த பதிப்பு தொடங்கியாகிவிட்டது, அதுவும் வந்து சேரவில்லை.

ஓரத்தில் இருக்கிற ஏர்போர்ட்டா என்று கேட்ட அந்த முதல் ஆளைத்தான் மன்னிக்க முடியவில்லை. தெரிந்தவன் செய்தது.

சரி, விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முகப்புத் தேதியைப் பாருங்கள், மேலே எது ஒட்டியிருந்தாலும் உரியுங்கள். தேதி தெரிகிற போட்டோ கேளுங்கள், தராவிட்டால் விடுங்கள். வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) தளத்தில் அங்கீகரித்த அச்சகர் பட்டியல் இருக்கிறது, அங்கே பார்த்து வாங்குங்கள். அதே தளத்தில் நடப்பு சார்ட் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கிறது, கோடு போடுவதற்கு முன் பக்கத்தில் திறந்து வைத்து ஒவ்வொரு கட்டத்து எண்ணையும் ஒத்துப் பாருங்கள். கார்டில் கட்டியிருந்தால் கடையோடு மல்லுக்கட்டாமல் முதல் நாளே கார்டு கம்பெனிக்கு எழுதுங்கள், நான் மூன்று வாரம் வீணாக்கினேன்.