கிழவி கொமாச்சிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்

தோக்கியோ ஜிம்போச்சோவில் பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே ஓர் அச்சுப்படக் கடை. அழகுக்குப் பேர்போன பழைய ஜப்பானியக் கவிஞர் ஓனோ நோ கொமாச்சியின் படம் இருக்கிறதா என்று கேட்டதும் எடுத்துப் போட்டதெல்லாம் நீளக் கூந்தலும் அடுக்கடுக்கான உடையுமாக இருக்கும் அழகிகள். தப்பில்லை, ஊரில் அழகான பெண்ணை இன்றும் அந்த ஊர்க் கொமாச்சி என்று சொல்லும் நாடு அது. ஆனால் நான் தேடிப் போனது கிழவியாகிவிட்ட கொமாச்சியை.

மரக்கட்டை அச்சுப்படக் கலைஞர் யோஷிதோஷி 1885 முதல் 1892 வரை செய்த ‘நிலவின் நூறு தோற்றங்கள்’ வரிசையில் அவள் இருக்கிறாள். கிழிந்த உடையோடு, விழுந்து கிடக்கும் மரக் கல்லறைத் தூண் மேல் உட்கார்ந்திருப்பாள். ‘நோ’ என்ற பழைய ஜப்பானிய முகமூடி நாடகத்திலிருந்து வந்த காட்சி. புத்தரின் சின்னத்தின் மேல் உட்காரலாமா என்று அதட்டும் துறவிகளையே அதில் வாதத்தில் மடக்கிவிடுவாள். மழையை வெறித்துக்கொண்டிருந்த நேரத்தில் பூவின் நிறம் வீணாக வெளிறிப்போனதே என்று 9ஆம் நூற்றாண்டில் பாடியவள் அவள்தான். அந்தப் பாட்டில் ‘ஃபுரு’ என்றால் மழை பெய்வதும்தான், வயதாவதும்தான். அதைப் படித்த பிறகு அழகிப் படங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

நான் வாங்கியது அசல் இல்லை, மரக்கட்டையைப் புதிதாகச் செதுக்கிக் கையால் அச்சடித்த மறுபதிப்பு. வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூங்கில் மட்டை சுற்றிய பாரென் என்ற கைக்கருவியால் தேய்த்திருந்தால் மை தாளுக்குள் இறங்கி, தேய்த்த தடம் சுழல் சுழலாகப் பின்னாலும் தெரியும், இயந்திர அச்சு என்றால் பின்பக்கம் வெறும் வெள்ளை. இதில் தடம் நன்றாகவே தெரிகிறது. வானத்தில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற பொகாஷியும் அருமை, கட்டையிலேயே ஈரத்தையும் மையையும் கையால் ஏற்றி இறக்கித்தான் அதைச் செய்கிறார்கள், அதனால் எந்த இரண்டு பிரதியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது.

சரி, குறை. சட்டம் போட்டுத் தருகிறோம் என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டில் வந்து பார்த்தால், பதிப்பாளர் விவரம் இருக்கும் ஓரத்தை அட்டை மூடியிருக்கிறது, அதைவிடக் கொடுமை, படத்தைச் சாதாரண செலோடேப்பால் ஒட்டியிருக்கிறார்கள்! வாஷி என்ற ஜப்பானியப் பாரம்பரியத் தாளில் அது நாளாக ஆக மஞ்சள் கறையாக ஊறிவிடும். படத்துக்கு ஐந்துக்கு நாலரை, சட்டத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது. சட்டமில்லாமல் வாங்குங்கள். நான் கழற்றி எடுத்து, வெயில் படாத சுவர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.