களக்காடு பக்கம் ஈரப்பத சென்சார் விற்க வருகிறார்கள், உஷார்

நெல்லை மாவட்டம் களக்காடு, ஏர்வாடி வட்டாரத்தில் வாழை போட்டிருப்பவர்கள் கவனிக்கவும். ‘மண் காய்ந்தால் மோட்டார் தானாகவே ஓடும் அண்ணாச்சி, நீங்க செல்போன்ல பார்த்துக்கிட்டா போதும்’ என்று சொல்லிக்கொண்டு சிலர் தோட்டம் தோட்டமாக வருகிறார்கள். எனக்கும் 18,000 ரூபாய்க்கு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள்.

அது இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு ரகம். கம்பிகளுக்கு நடுவே மண் வழியாக எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதை வைத்து ஈரத்தைக் கணக்குப் போடும். மண்ணில் உப்பு ஏறினாலும் மின்சாரம் கூடத்தான் செய்யும், இதை அவர்கள் மூச்சுவிடவில்லை. ஏத்தன் வாழை குலை தள்ளுகிற நேரத்தில் சொட்டுநீரோடு பொட்டாஷ் உரம் விட்டேன், அதுவும் ஒரு உப்புதான். அப்புறம் செயலியில் ‘ஈரம் போதும்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடவே இல்லை. வெளியூர் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், அடி இலைகள் மஞ்சளடித்துத் தொங்குகின்றன. ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கினால் உருண்டை பிடிக்காமல் பொலபொலவென்று உதிர்கிறது. குலைகளில் கடைசிச் சீப்புகள் சூம்பிப்போய், வியாபாரி பாதி விலைதான் சொன்னார்.

சென்சாரைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு கம்பி புதுசாக இருக்கிறது; மற்றதில் மேல்பூச்சு போய், பச்சை பூத்து, நுனி அரித்துக் கிடக்கிறது. மின்சாரம் எந்நேரமும் ஒரே திசையில் பாய்ந்தால் இப்படித்தான் அரிக்குமாம், பாலிடெக்னிக் படித்த தங்கச்சி மகன் சொன்னான். அதை நட்டிருந்ததும் ஒரு சாண் ஆழத்தில்கூட இல்லை. நம் தோட்டத்து மண்ணைக் காயவைத்தும் நனைத்தும் அளவு சரிபார்த்துத் தருவதுதான் முறை. அதையும் செய்யவில்லை.

போன் போட்டால், ஆண்டுச் சந்தா கட்டினால்தான் ஆள் வருமாம். விற்கும்போது சந்தா என்ற பேச்சே இல்லை. இப்போது போனையே எடுப்பதில்லை. பில் என்று தந்தது வெறும் லெட்டர்பேடு தாள், ஜிஎஸ்டி எண் கிடையாது.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் கெப்பாசிட்டிவ் வகையா (மின்சாரம் பாய்வதை அல்ல, மண்ணின் மின்தேக்கும் தன்மையை அளப்பது) என்று கேளுங்கள், அதில் உப்பின் பாதிப்பு குறைவு. டென்சியோமீட்டர் இன்னும் தேவலை: மண் தண்ணீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் அது அளக்கும், உரம் போட்டாலும் ஏமாறாது. அந்தக் கருவியின் குழாயில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. இதே பெட்டியை மாட்டியவர்கள் பணம் அனுப்பிய ரசீதை எடுத்துவைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.