190 நிமிட முடக்கமும் 10 சதவீத கிரெடிட்டும்

மூன்று ஆண்டுகளாக ஒரே கிளவுட் ஹோஸ்டிங் (இணையவழியே சர்வரை வாடகைக்குத் தரும்) நிறுவனத்தில் இருக்கிறேன். 99.9 சதவீத அப்டைம், அதாவது சர்வர் முடங்காமல் இயங்கும் நேரம், என்ற வாக்குறுதி தவறினால் உண்மையிலேயே ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மூன்று முறை கோரி, ஒரே ஒரு முறை பெற்றவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

சர்வரைப் பற்றி எனக்குக் குறையில்லை. வேகம் சீராக இருக்கிறது, பேக்கப் ஒருநாளும் தவறியதில்லை. 99.9 சதவீதம் என்பது 30 நாள் மாதத்தில் 43.2 நிமிட முடக்கத்துக்கு இடம் கொடுக்கும் கணக்கு. பெரும்பாலான மாதங்களில் அதில் ஒரு நிமிடம்கூடச் செலவானதில்லை.

எரிச்சலெல்லாம் கோரிக்கை வைக்கும் முறையில்தான். சர்வர் விழுந்ததை அவர்களே ஸ்டேட்டஸ் பக்கத்தில் அறிவித்திருந்தாலும் கிரெடிட், அதாவது இழப்பீடாகத் தரும் கட்டணக் கழிவு, தானாக வராது. நாம் டிக்கெட் (புகார் மனு) போட்டு, நேரத்தையும் பாதிக்கப்பட்ட சர்வரையும் குறிப்பிட்டு, லாக் (நடந்ததை நேரத்தோடு பதியும் கோப்பு) இணைத்து நிரூபிக்க வேண்டும். முதல் முறை ஆதாரம் போதாது என்று நிராகரித்தார்கள். சர்வர் விழும்போது அதனுள் எழுதப்படும் லாக்கும் நின்றுவிடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாம் முறை வெளியிலிருந்து நிமிடத்துக்கொரு முறை சோதிக்கும் கண்காணிப்பு இருந்தது, ஆனால் கோருவதற்கான 30 நாள் கெடு கடந்துவிட்டது. அது என் தவறு. (கெடு எல்லா இடத்திலும் ஒன்றல்ல, அமேசானின் கிளவுட் சர்வர் சேவையான இசி2-வின் ஒப்பந்தம் முடக்கத்துக்குப் பிந்தைய இரண்டாவது பில்லிங் சுழற்சியின் முடிவுவரை அவகாசம் தருகிறது.)

மூன்றாம் முறை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் குறித்த அட்டவணையுடன் மூன்றாம் நாளே கோரினேன். என் கணக்கில் முடக்கம் 190 நிமிடம், அவர்கள் கணக்கில் 140. சர்வர் இயங்கியும் இணைப்புகள் பாதியில் அறுந்துகொண்டிருந்த 50 நிமிடங்களை அவர்கள் வெறும் மந்தநிலை என்றார்கள். ஒப்பந்தத்தின்படி வெளித்தொடர்பு முற்றிலும் அற்றால்தான் அது முடக்கம். இதற்காகப் பன்னிரண்டு நாட்கள் கடிதப் போர் நடந்தது. கடைசியில் படிநிலைகளைப் பார்த்தபோது, மாத அப்டைம் 99.9க்குக் கீழே இறங்கி 99 வரை இருந்தால் கிரெடிட் 10 சதவீதம் என்றிருந்தது. 140 நிமிடமானால் 99.68, 190 நிமிடமானால் 99.56. இரண்டும் ஒரே படி! 44 நிமிடம் விழுந்தவருக்கும் ஏழு மணி நேரம் விழுந்தவருக்கும் ஒரே தொகைதான் என்பதை இரு தரப்பில் ஒருவராவது முதல் நாளே கவனித்திருந்தால் அத்தனை கடிதங்களும் மிச்சமாகியிருக்கும்.

வந்த கிரெடிட்டும் பணமாகக் கைக்கு வரவில்லை. அந்த ஒரு சர்வரின் மாதக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு, அடுத்த பில்லில் கழிவாக வந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் என் தளத்துக்கு வந்து திரும்பிப் போனவர்களுக்கும் அந்தத் தொகைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நியாயமாகச் சொன்னால், ஒப்பந்தத்தில் எழுதியதைத்தான் கொடுத்தார்கள். ஒரு எழுத்தும் குறையவில்லை, கூடவுமில்லை.

இவ்வளவு நல்ல சர்வரை வைத்திருக்கும் இவர்களிடம் சேரலாமா என்று நண்பர் மறுபடியும் கேட்டார். வேண்டாம் என்றேன். நானோ போன வாரம்தான் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்தேன்.